கடலில் போன கல்லில் எத்தனை பவுன்?

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருவர் வந்தார். கையில் ஒரு கறுப்புக் கல், செல்போனில் ஒரு பழைய கப்பலின் படம், கூடவே ஒரு சோதனை அறிக்கையின் ஜெராக்ஸ். கப்பல் 400 டன் தங்கத் தாதுவோடு மூழ்கியதாம். அறிக்கையில் டன்னுக்கு 62 கிராம் தங்கம். பெருக்கினால் 24.8 கிலோ, அதாவது 3,100 பவுன். மேலே தூக்க ஆள் சேர்க்கிறார்கள், வீட்டில் இருக்கும் 14 பவுனை அடகு வைத்துப் பங்கு போடலாமா என்று கேட்டார்.

பெருக்கலில் தப்பில்லை. 62தான் இடிக்கிறது. கோலார் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் டன்னுக்கு 3 கிராம் அளவுக்குத்தான் கிடைத்தது. 62 வரவே வராது என்று சொல்ல மாட்டேன். நல்ல தாதுப் பாறையில் பொறுக்கி எடுத்த துண்டு இதைவிட அதிகமும் காட்டும். ஆனால் அந்த எண் அந்தத் துண்டுக்கு மட்டும் சொந்தம், மீதி 400 டன்னுக்கு இல்லை.

சோதனைக்கு நாங்கள் எடுப்பது 30 கிராம் தூள். ஈய ஆக்சைடு, சோடா, வெங்காரம் கலந்து மூசையில் (உலையில் வைக்கும் மண் குவளை) 1,000 டிகிரி வாக்கில் உருக்குவோம். ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் கட்டியாக உட்காரும். அந்தக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலையில் விட்டால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி மிஞ்சும். நைட்ரிக் ஆசிட்டில் வெள்ளி கரைந்துபோக, நிற்பதுதான் தங்கம். டன்னுக்கு 62 கிராம் என்பதெல்லாம் இந்த மணியில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. மோதிரத்தில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தால் விழும் பொடி போதும், எண் எங்கேயோ போய்விடும். யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, ஈயமே சுத்தமில்லாமல் இருக்கலாம். அதனால்தான் கல் போடாமல் ஒரு மூசையைத் தனியாக ஓட்டிப் பார்க்கிறோம்.

இந்தக் கூத்து இங்கிலாந்தில் ராணி முதலாம் எலிசபெத் காலத்திலேயே நடந்திருக்கிறது. 1576ல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற கடலோடி கனடாவின் பாஃபின் தீவுப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் கல்லோடு திரும்பினார். பார்த்த சோதகர்கள் தங்கம் இல்லை என்றார்கள். பணம் போட்ட மைக்கேல் லோக் விடவில்லை. கடைசியில் அக்னெல்லோ என்ற வெனிஸ்காரர் 'இருக்கிறது' என்றார். 'இல்லை' என்றவர்களை ஓரம்கட்டிவிட்டு, இருக்கிறது என்றவரை நம்பினார்கள். (என் தொழிலில் இதை இன்றும் பார்க்கிறேன்.) அந்தக் கல்லை அள்ளிவர 1578ல் 15 கப்பல்கள் போயின. டென்னிஸ் என்ற கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. இமானுவேல் என்ற இன்னொன்று திரும்பி வரும் வழியில், அயர்லாந்தின் ஸ்மெர்விக் துறைமுகத்தில் 110 டன் கல்லோடு சிதைந்தது.

அன்றைய கணக்கில் அது பெரிய நஷ்டம். ஆனால் கரை சேர்ந்த கல்லை இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் உலை கட்டி உருக்கியும் பயனில்லை. லோக் கடன்காரர்களிடம் மாட்டிச் சிறைக்குப் போனார், கல் அந்த ஊர் மதிலில் போய்ச் சேர்ந்தது. இக்காலச் சோதனைகளில் அதில் தெரியும் தங்கம் நூறு கோடியில் சில பங்குதான். பத்துப் பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 110 டன்னுக்கு 1.1 கிராம். ஒரு மூக்குத்திக்கு ஆகும்.

சரி, தாது நல்லதாகவே இருந்தாலும், ஊறிய கல்லை உலர்த்தித்தான் எடை போட வேண்டும். சாக்கில் வந்த தூள் என்றால் சாக்கு மக்கியதும் நீரோட்டத்தோடு போயிருக்கும். 24.8 கிலோ கட்டித் தங்கத்தை ஒரு பையில் தூக்கலாம், 400 டன் கல்லுக்குக் கிரேன் கப்பல் வேண்டும், அதன் வாடகை நாள் கணக்கில் ஏறும். அப்புறம் உரிமை. சரக்கின் சொந்தக்காரரோ இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனமோ உரிமை கோரினால், எடுத்தவருக்கு மீட்புக் கூலிதான். மீட்ட பொருளின் மதிப்பை அந்தக் கூலி தாண்டக்கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை.

வந்தவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "சார், இந்த அறிக்கைக்குத் தூளை எடுத்தது யாரு?" அவருக்குத் தெரியவில்லை. விற்பவரைக் கேட்டால் ரகசியம் என்கிறாராம்.

அவர் கொண்டுவந்த கல்லை அரைத்து இரண்டு மூசையில் ஓட்டினோம். அந்தக் கல்லும் நான் எடுத்ததில்லை, கப்பலில் இருந்து வந்ததுதானா என்பதற்கும் ஆதாரம் இல்லை, அதையும் அறிக்கையில் எழுதினேன். டன்னுக்கு 0.2 கிராம் வந்தது. அவர் அங்கேயே கால்குலேட்டரை எடுத்து 400ஆல் பெருக்கினார். 80 கிராம், மொத்தக் கப்பலுக்கும் 10 பவுன். அடகு வைக்க அவர் எடுத்து வைத்திருந்தது 14.