ரவுட்டிங் புரோட்டோகால்: வழியறி நெறிமுறையும் அதன் காவலும்

ரவுட்டிங் புரோட்டோகால் என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'வழிச்செலுத்தல் நெறிமுறை' என்று எழுதுகிறோம். 'திசைவித்தல் நெறிமுறை', 'வழிப்படுத்தும் நெறிமுறை' என்று எழுதுபவர்களும் உண்டு. பின்பாதியான நெறிமுறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, முன்பாதியில்தான் இருக்கிறது. இந்த நெறிமுறைகள் எதையும் எங்கேயும் செலுத்துவதில்லை. சொல்லைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் இவற்றின் மேல் நடக்கும் தாக்குதல்களும் புரியாமல் போகும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரவுட்டர் என்பது வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி, அதற்கு இரண்டு வேலைகள். வந்து விழும் பொதியின் (பாக்கெட், அதாவது சிறு துண்டாக அனுப்பப்படும் தரவு) சேருமிட முகவரியைப் பார்த்து, தன் அட்டவணையில் தேடி, எந்த இணைப்பு வழியாக வெளியே தள்ளுவது என்று முடிவெடுத்துத் தள்ளுவது முதல் வேலை. இதற்கு பார்வர்டிங் என்று பெயர், செலுத்துதல் என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். இரண்டாவது வேலை, அந்த அட்டவணையையே உருவாக்குவது. பக்கத்து ரவுட்டர்களோடு பேசி, 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்', 'அந்த முகவரிகளுக்கு இனி என்னிடம் வழி இல்லை' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு, கேட்டதையெல்லாம் வைத்து எது நல்ல வழி என்று தேர்ந்தெடுப்பது. ரவுட்டிங் புரோட்டோகால் என்பது இந்தப் பேச்சுக்கான விதி. அதனால் நான் எழுதும்போது 'வழியறி நெறிமுறை' என்று எழுதுகிறேன். ரவுட்டருக்குத் 'திசைவி' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அது நல்ல பெயரும்கூட. எந்த ரவுட்டரும் ஒரு பொதியைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போவதில்லை, அடுத்த கைக்கு எந்தத் திசையில் தர வேண்டும் என்பதை மட்டும் பார்த்துத் தந்துவிடுகிறது.

இனி வேர்ச்சொற்கள். ரூட் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அதன் அடி லத்தீன் 'ருப்தா', அதாவது உடைக்கப்பட்டது. காட்டையும் மேட்டையும் உடைத்துத் திறந்த பாதை என்று பொருள். புரோட்டோகால் இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. பாப்பிரஸ் சுருளின் முதல் தாளாக ஒட்டப்பட்டதுதான் புரோட்டோகொல்லோன். அந்தச் சுருள் யாருடைய அதிகாரத்தில், எப்போது செய்யப்பட்டது என்ற குறிப்பு அதில் இருக்கும். பிற்காலத்தில் ஆவணம் உண்மையானதுதானா என்று பார்ப்பதற்கும் அது உதவியது. அங்கிருந்து உடன்படிக்கையின் மூலப்படி, தூதரக நடைமுறை என்றெல்லாம் பொருள் விரிந்து, 1967-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ரோஜர் ஸ்கேன்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் எழுதிய குறிப்பு ஒன்றில் தரவுத் தொடர்புக்கான விதி என்ற பொருளில் கணினி உலகத்துக்குள் வந்தது. முதல் தாளுக்கு இருந்த அந்தச் சான்று வேலை மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. கீழே வரும் சிக்கல் முழுக்க அதைப் பற்றியதுதான்.

தமிழில் நெறி என்றாலே பழைய பொருள் வழிதான், ஒழுக்கம் என்ற பொருளும் கூடவே இருக்கிறது. ஆறு என்றாலும் வழி. ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனிடம் 'இன்னாரிடம் போ, இப்படிப் போ' என்று வழி சொல்வதை ஆற்றுப்படை என்று ஒரு இலக்கிய வகையாகவே வைத்திருந்தார்கள். வழியறி நெறிமுறை செய்வதும் கிட்டத்தட்ட அதேதான், வழி தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாய்ச்சொல்லால் சொல்கிறான், கேட்டவன் நம்பி நடக்கிறான். சொன்னவன் உண்மையிலேயே அங்கே போய் வந்தவனா என்று கேட்பதற்கு ரவுட்டர்களிடம் வெகுகாலம் எந்த ஏற்பாடும் இல்லை.

ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே பேசும் நெறிமுறைகள் ஒரு வகை. ரிப் என்பது பழையது, 1988-இல் ஆவணப்படுத்தப்பட்டது, 15 தாவல்வரைதான் (ஒரு ரவுட்டரைக் கடப்பது ஒரு தாவல்) எண்ணும், 16 என்றால் அங்கே போக வழியில்லை என்று அர்த்தம். அதன் முதல் பதிப்பில் கடவுச்சொல்கூடக் கிடையாது. 'எல்லா இடமும் எனக்கு ஒரு தாவல்தான்' என்று யார் சொன்னாலும் நம்பும். அண்டை வீட்டார் சொன்னதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்தும் இந்த முறையை 'வதந்தி வழி ரவுட்டிங்' என்று துறைக்காரர்களே சொல்வார்கள். இதே வகையில் ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு நெறிமுறை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளின் நிலையை ஊருக்கே அறிவிக்கும், எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தைக் கட்டிக்கொண்டு டைக்ஸ்ட்ராவின் கணிப்புமுறைப்படி குறுகிய வழியைத் தாமே கணக்கிடும். தன் பெயரில் வேறு யாரோ பொய் அறிவிப்பு விட்டால், அது தன் கண்ணில் பட்டதும் கூடுதல் வரிசை எண்ணோடு சரியான அறிவிப்பை வெளியிட்டு அந்தப் பொய்யை அடித்துவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. இருந்தாலும் அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. பயனர்கள் இருக்கும் பக்கத்து இணைப்புகளில் இந்தப் பேச்சையே நிறுத்திவைப்பது, ரவுட்டர்களுக்கிடையே சாவியோடு கூடிய சரிபார்ப்பு வைப்பது, இந்த இரண்டையும் செய்தாலே உள்வலையில் பெரும்பாலான தொல்லை தீரும்.

பெரிய சிக்கல் பிஜிபியில்தான் இருக்கிறது. விரித்தால் பார்டர் கேட்வே புரோட்டோகால், தமிழில் 'எல்லை நுழைவாயில் நெறிமுறை' என்று பெயர்த்திருக்கிறார்கள். கேட்வே என்பது அந்தக் காலத்தில் ரவுட்டருக்கு இருந்த இன்னொரு பெயர், அதனால் 'எல்லைத் திசைவி நெறிமுறை' என்றால்தான் இன்று படிப்பவருக்கு விளங்கும். இணையம் என்பது தனித்தனி நிர்வாகத்தில் இருக்கும் பல்லாயிரம் வலையமைப்புகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏஎஸ் எண் உண்டு, தன்னாட்சி வலையமைப்பு எண். இவை ஒன்றோடொன்று பேசும் ஒரே மொழி பிஜிபி. 1989-இல் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐபிஎம்மின் யாக்கவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் துடைப்புத் தாள்களில் வரைந்து தொடங்கியது. வேகமாக வளர்ந்த இணையத்தைத் தாங்குவது அன்றைய அவசரம், பொய் சொல்பவனைப் பற்றி யோசிக்க நேரமில்லை. 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 என்ற வலையமைப்பிலிருந்து ஊரார் முகவரிகளெல்லாம் தன்னுடையவை என்று அறிவிப்பு கிளம்பி இணையத்தின் பெரும்பகுதி தடுமாறியது. அது ஒரு பிழைதான், யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

பொய் எப்படி வேலை செய்கிறது என்பதை 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபுக்கு நடந்ததை வைத்துப் பார்க்கலாம். யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்ற ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது, அதில் 1024 முகவரிகள் (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறுக்கும்). பாகிஸ்தானுக்குள் யூடியூபை முடக்கச் சொல்லி அரசு உத்தரவு, பாகிஸ்தான் டெலிகாம் அதற்காக 208.65.153.0/24 என்ற 256 முகவரிகளைத் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. நாட்டுக்குள் நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு, உலக நேரம் 18:47-க்கு அதற்கு இணைய இணைப்பு தரும் மேல்நிலை வலையமைப்பான பிசிசிடபிள்யூ வழியாக வெளியே போய்விட்டது. இங்கேதான் அட்டவணைத் தேடலின் ஒரு விதி குறுக்கே வருகிறது: ஒரு முகவரிக்கு இரண்டு பதிவுகள் பொருந்தினால், சின்னத் தொகுதியைக் குறிப்பதுதான் வெல்லும், ஏனென்றால் அது இன்னும் துல்லியமானது. 1024-ஐ 256 அடித்துவிட்டது. உலகம் முழுக்க யூடியூபுக்குப் போக வேண்டிய பொதிகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பிக் காணாமல் போயின.

20:07-க்கு யூடியூபும் அதே /24-ஐ அறிவித்தது. இப்போது இரண்டும் சம அளவு, அதனால் யாருக்கு எது கிட்டத்தில் தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள், பாதிப் பேர் இங்கே பாதிப் பேர் அங்கே. 20:18-க்கு இரண்டு /25-ஆக, அதாவது 128, 128 முகவரிகளாக இன்னும் பொடித்து அறிவித்தது, அப்புறம்தான் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்த இடங்களிலெல்லாம் பொதிகள் வீடு திரும்பின. 21:01-க்கு பிசிசிடபிள்யூ பொய் வழியைத் திரும்பப் பெற்றதோடு எல்லாம் அடங்கியது. இந்த இரண்டே கால் மணி நேரத்தில் யாரும் எந்த ரவுட்டருக்குள்ளும் புகவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் திருடவில்லை. எல்லா ரவுட்டரும் விதிப்படிதான் நடந்தன.

இதை ரூட் ஹைஜாக் என்கிறார்கள். 'வழிக் கடத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தரவுப் பரிமாற்றத்தையே நாம் 'கடத்தல்' என்று சொல்லும் துறையில் அது குழப்பும். 'வழிப்பறி' என்று பழகிய சொல் ஒன்று இருக்கும்போது வேறு தேடுவானேன்? வழியையே பறிக்கிறான், வழியில் வருவதையும் பறிக்கிறான், இரண்டு பொருளும் சரி. 2018 ஏப்ரலில் அமேசானின் பெயர்த்தீர்வுச் சேவைக்குரிய (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளை இப்படிப் பறித்து, ஒரு மின்பணப் பை தளத்துக்குப் போனவர்களைப் போலித் தளத்துக்குத் திருப்பி, சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற மின்பணத்தைச் சுருட்டினார்கள், அதை வழிப்பறி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது. ரூட் லீக் என்பது வேறு: வழி உண்மையானதுதான், ஆனால் யாரிடம் சொல்லக்கூடாதோ அவரிடம் சொல்லிவிடுவது. உதாரணமாக, மேலே இருக்கும் ஒரு சேவையாளரிடம் கேட்ட வழியை இன்னொரு சேவையாளரிடம் ஒப்பித்து, நடுவில் இருக்கும் சின்ன வலையமைப்பு பெரிய போக்குவரத்தைத் தன் தலையில் இழுத்துக்கொள்வது. இதற்கு 'வழிக்கசிவு' சரியாக இருக்கிறது.

சரி, காப்பது எப்படி? அண்டை ரவுட்டர்களுக்கிடையே உள்ள இணைப்பைப் பூட்டுவது முதல் படி. இணைப்பில் வருவது அண்டையிடமிருந்துதானா என்று பொதுச் சாவியொன்றை வைத்துச் சரிபார்க்கும் எம்டி5 கையொப்பம் 1998-இலேயே வந்தது, அதற்குப் பதிலாக 2010-இல் டிசிபி-ஏஓ என்ற புதிய முறை வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது டிடிஎல் 255 என்ற எளிய உபாயம். ஒவ்வொரு பொதியிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு, ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது ஒன்று குறையும், உச்ச அளவு 255. நேரடி அண்டை அனுப்பும் பொதி 255-ஆகவே வந்துசேரும். தூரத்தில் இருப்பவன் தலைகீழாக நின்றாலும் 255-ஆக வந்துசேரும் பொதியை அனுப்ப முடியாது, நடுவில் ஒரு ரவுட்டர் இருந்தாலே 254 ஆகிவிடும். 255 இல்லாததைத் தூக்கிப்போடு என்று சொல்லிவிட்டால் தூரத்துப் போலிகள் அத்தனையும் வாசலிலேயே விழும். ஆனால் பேசுபவர் அண்டைதான் என்பதை மட்டும்தான் இவை உறுதிசெய்யும், அவர் சொல்வது உண்மையா என்று சொல்லாது.

அதற்குத்தான் ஆர்பிகேஐ. 'வளச் சான்றுக் கட்டமைப்பு' என்று சொல்லலாம். முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் வழியாக, 'இந்த முகவரித் தொகுதியை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம், இந்த அளவுக்கு மேல் பொடிக்கக் கூடாது' என்று உரிமையாளர் கையொப்பமிட்ட ஒப்புதல் ஒன்றை வெளியிடுகிறார். கேட்கும் ரவுட்டர் ஒவ்வொரு அறிவிப்பையும் அதோடு ஒப்பிட்டு மூன்றில் ஒரு முடிவுக்கு வரும். ஆங்கிலத்தில் இவற்றை 'வேலிட்', 'இன்வேலிட்', 'நாட் ஃபவுண்ட்' என்பார்கள், தமிழில் 'செல்லும்', 'செல்லாது', 'பதிவில்லை' என்றாலே போதும். செல்லாததை ஏற்கக் கூடாது. இந்தக் கட்டமைப்பு 2012-இல் வரையறுக்கப்பட்டது, 2024-இல்தான் ஐபிவி4 (இணைய முகவரியின் பழைய வகை) வழிகளில் பாதிக்கு மேல் இப்படி ஒப்புதல் பெற்றவையாக மாறின. 2008-இல் இது இருந்து எல்லோரும் சரிபார்த்திருந்தால் அந்த /24 பிசிசிடபிள்யூவைத் தாண்டியே இருக்காது. இதிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'எவ்வளவு பொடிக்கலாம்' என்ற அளவைத் தாராளமாக வைத்துவிட்டால், ஏமாற்றுபவன் அறிவிப்போடு வரும் ஏஎஸ் எண் வரிசையின் கடைசியில், தொடங்கியவரின் இடத்தில், உரிமையாளரின் எண்ணையே ஒட்டி, சின்னத் தொகுதியை அறிவித்து, 'செல்லும்' என்ற முத்திரையோடே பறித்துவிடுவான், ஆகவே உண்மையில் அறிவிக்கும் அளவை மட்டும் எழுதுங்கள். இன்னொன்று பதிவகத்தில் உள்ள உங்கள் கணக்கு. 2024 ஜனவரியில் ஆரஞ்ச் ஸ்பெயினின் பதிவகக் கணக்குக்குள் ஒருவர் புகுந்து தவறான ஒப்புதல்களைப் போட்டுவிட, அவர்களுடைய சொந்த வழிகளே 'செல்லாது' ஆகிப் பல வாடிக்கையாளர்களுக்கு இணையம் மணிக்கணக்கில் அறுந்தது. அந்தக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லை.

மேலே பார்த்தபடி, அறிவிப்பைத் தொடங்கியவர் உரியவர்தானா என்று பார்ப்பதே இப்போதைக்குப் பரவலான காவல், நடுவில் உள்ள வழி சரியா என்பது தனிக் கேள்வி. வழியில் உள்ள ஒவ்வொரு வலையமைப்பும் கையொப்பமிடும் பிஜிபிசெக் 2017-இல் வந்தது, ஆனால் வழியில் உள்ள எல்லோரும் செய்தால்தான் பயன், கணக்கீட்டுச் சுமையும் அதிகம், அதனால் நடைமுறைக்குப் பரவவில்லை. இப்போது உருவாகிவரும் ஆஸ்பா இன்னும் எளியது: 'எனக்கு மேல்நிலைச் சேவை தருபவர்கள் இவர்கள் மட்டும்தான்' என்று ஒவ்வொரு வலையமைப்பும் கையொப்பமிட்டுச் சொல்லிவைத்தால், அந்தப் பட்டியலுக்குள் அடங்காமல் வளைந்து வரும் வழிகளைப் பிறர் கண்டுபிடித்துவிடலாம். வழிக்கசிவும் இதில் சிக்கும், போலியாக ஒட்டிய ஏஎஸ் எண்ணும் பெரும்பாலும் சிக்கும். இதற்கு இன்னும் தமிழ்ப் பெயர் எதுவும் புழக்கத்தில் இல்லை, 'சேவையாளர் ஒப்புதல்' என்று எழுதலாம் என்பது என் எண்ணம்.