க்ரான் ஓடியது சரி, பேக்கப் எங்கே?

க்ரான் என்பது லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை. அதை நம்பிப் பேக்கப் வைத்தவர்களிடமிருந்து மறுபடியும் அதே கேஸ். சர்வரில் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால் நாள் தவறாமல் ஒரு ஃபைல் இருக்கிறது, ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். உள்ளே எதுவுமே வராவிட்டாலும் ஃபைலைச் சுருக்கும் கருவியான ஜிஸிப் கடமைக்கு ஒரு ஃபைலைச் சுருட்டித் தரும். அதன் எடைதான் இந்த 20 பைட். டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுக்கும் கட்டளை முதல் நாளே செத்துவிட்டது. அதன் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் பைப்பின் மறுமுனையில் ஜிஸிப் மட்டும் ராத்திரி தவறாமல் வேலை பார்த்திருக்கிறது.

கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்: "டெர்மினல்ல ஓட்டிப் பார்த்தேன் சார், நல்லா ஓடுச்சு."

ஓடும். நீங்கள் லாகின் செய்ததும் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) உங்கள் ப்ரொஃபைல், பாஷ்ஆர்சி என்ற அமைப்பு ஃபைல்கள் எல்லாவற்றையும் படித்து நீளமான ஒரு பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) தயார் செய்து தருகிறது. க்ரான் இவற்றில் எதையும் படிக்காது. டெபியன், உபுண்டுவில் அதற்குத் தெரிந்த பாத் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நிறுவிய கருவியும், என்விஎம் (நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) வழியாகப் போட்ட நோடும் அதன் கண்ணில் படாது. ஷெல்லும் நீங்கள் பழகிய பாஷ் அல்ல, அதைவிடச் சிறிய டாஷ். இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] போட்டு எழுதிய நிபந்தனை அங்கே பிழை. வேலை தொடங்கும் இடம் உங்கள் ஹோம் டைரக்டரி, ஸ்க்ரிப்ட் கிடக்கும் இடம் அல்ல. ஆகவே டெர்மினலில் ஓடியது எதற்கும் சான்றாகாது. தயவுசெய்து அதைச் சான்றாகக் கொண்டு வராதீர்கள்.

சந்தேகமிருந்தால் பாத் போன்ற சூழல் மாறிகளைக் காட்டும் என்வ் கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதும் வரியை க்ரான்டேப்பில் (க்ரானின் வேலைப் பட்டியல்) * * * * *, அதாவது ஒவ்வொரு நிமிடமும், என்று போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு, டெர்மினலில் வருவதோடு ஒப்பிடுங்கள். பிறகு க்ரான்டேப்பின் தலையிலேயே முழுப் பாத்தையும் எழுதுங்கள். பழைய பாத்தோடு $ போட்டு ஒட்டுவது இங்கே செல்லாது, க்ரான் அதை விரிக்காது.

அடுத்தது % குறி. பேக்கப் பெயரில் தேதி வர வேண்டுமென்று டேட் கட்டளையை % உடன் க்ரான்டேப்பிலேயே எழுதுகிறார்கள். க்ரானுக்கு % என்றால் வரி முடிந்தது. மிச்சத்தைக் கட்டளைக்கு இன்புட்டாகத் தள்ளிவிடும். ஒவ்வொரு %-க்கும் முன்னால் \ போடுங்கள். அதைவிட, எல்லாவற்றையும் ஸ்க்ரிப்டுக்குள் வைத்து அதன் முழு முகவரியை மட்டும் க்ரானிடம் கொடுப்பது நல்லது. ஸ்க்ரிப்டின் முதல் வரியில் பாஷைக் குறிப்பிட்டு, அடுத்து செட் -ஓ பைப்ஃபெயில். இது இல்லாவிட்டால் டம்ப் தோற்றாலும் ஜிஸிப் ஜெயித்ததால் மொத்தமும் வெற்றி என்றே கணக்காகும். தற்காலிகப் பெயரில் எழுதி, வெளியேறும் எண் 0 என்றால் மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள்.

வரிக் கடைசியில் /டெவ்/நல் என்று எங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். பிழைச் செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? லாக் ஃபைலுக்கு >> போட்டு, அதற்குப் பிறகு, பிழைகளும் அங்கேயே போக, 2>&1. வரிசை மாறினால் பிழைகள் லாகில் விழாது.

நேரம் எழுதும்போதும் கவனம். ஐந்து இடங்களும் வரிசையாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. * 2 * * * என்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை அல்ல, 2:00 முதல் 2:59 வரை 60 முறை. 0 9 13 * 5 என்பது வெள்ளிக்கிழமையாக வரும் 13-ஆம் தேதி அல்ல. எல்லா 13-ஆம் தேதியும், எல்லா வெள்ளியும். */45 போட்டால் 45 நிமிட இடைவெளி வராது, மணிக்கு 0, 45 என்று இருமுறை ஓடும். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம் திங்கள் அதிகாலை 2 மணி அங்கே ஞாயிறு 20:30. எழுத வேண்டியது 30 20 * * 0.

முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது கிளம்பும் வேலைகளுக்கு எஃப்லாக் -என் போடுங்கள். முந்தையது பூட்டை வைத்திருந்தால் அடுத்தது ஓடாமல் விலகிவிடும்.

கடைசியாக, க்ரான்டேப் -ஈ திருத்தும், -ஆர் மொத்தத்தையும் கேட்காமலே அழிக்கும். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். திருத்துமுன் க்ரான்டேப் -எல் வெளியீட்டை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைல் வேறு மெஷினில் இருக்கட்டும்.