பெடாகுயிலின்: வாரம் மூன்று நாள் மட்டும் ஏன்?

தாராவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அக்காவுக்கு எம்.டி.ஆர். டிபி (பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்). பெடாகுயிலின் முதல் இரண்டு வாரம் தினமும் 4 மாத்திரை கொடுத்தார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள், 2 மாத்திரைதான். பாதியில் குறைத்தால் கிருமி மறுபடி தலைதூக்காதா?"

முதலில் மருந்து செய்யும் வேலை. கிருமி உணவை எரித்து, புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளிவைக்கும். அவை உள்ளே திரும்பும் வழியில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தயாராகும். இது பள்ளிப் பாடம். அழகு அந்த வழியில் இருக்கிறது. அங்கே ஒரு ராட்டினம் சுழல்கிறது. காசநோய்க் கிருமியின் ராட்டினத்துக்கு 9 இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குளூட்டாமிக் அமிலம். புரோட்டான் ஏறியதும் அந்த இருக்கையின் மின்னூட்டம் அடங்கிவிடும். அப்போதுதான் அது எண்ணெய்ப் பசையான சவ்வுக்குள் வழுக்கிக்கொண்டு போக முடியும். ஏறக்குறைய முழுச் சுற்று வந்து புரோட்டான் மறுபக்கம் இறங்கும். 9 பேர் ஏறி இறங்கினால் 3 ஏடிபி. பெடாகுயிலின் அந்த இருக்கையை ஒட்டி ஆப்பு போல உட்கார்ந்துகொள்கிறது, ராட்டினம் நின்றுவிடுகிறது. நம் செல்களிலும் இதே ராட்டினம் உண்டு. ஆனால் இருக்கையோரத்தின் வடிவம் வேறு என்பதால் அதை நிறுத்தப் பல ஆயிரம் மடங்கு மருந்து வேண்டும்.

ஐசோனியசிட் என்ற பழைய காசநோய் மருந்து, கிருமி சுவர் கட்டுவதைத் தடுக்கும். சுவரே கட்டாமல் தூங்கும் கிருமியை அது பெரிதாகத் தொடாது. தூங்குகிறவனுக்கும் ஏடிபி வேண்டுமே! பெடாகுயிலின் அவனையும் விடாது. கொல்லத்தான் சில நாள் பிடிக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்த மூலக்கூறு கொழுப்பை நாடும்; திசுக்களில் போய்ப் படிந்துகொள்ளும். உடலில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்தரை மாதம் ஆகிறது. அதனால் முதலில் தினம் 400 மில்லிகிராம், 14 நாளில் 5,600 கொடுத்து டிரம்மை நிரப்புகிறார்கள். பிறகு வாரம் 600 மில்லிகிராம், கசிவதற்கு ஈடாக. மூன்று நாள்களுக்கு நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

ஆபத்தும் இதே குணத்தில்தான் இருக்கிறது. 26 வாரக் கூட்டுச் சிகிச்சையில் பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மூன்று மருந்துகளும் உடன் வரும். "உடம்பு தேறிவிட்டது" என்று நடுவில் எல்லாவற்றையும் நிறுத்தினால் அந்த மூன்றும் சில நாளில் வடிந்துவிடும். பெடாகுயிலின் மட்டும் மாதக்கணக்கில், நீர்த்துக்கொண்டே, தனியாக நிற்கும். எதிர்ப்புத்திறன் வளர இதைவிட நல்ல வயல் கிடையாது. ரிஃபாம்பிசின் என்ற பழைய காசநோய் மருந்திடமிருந்து தப்பக் கிருமிக்கு ஒரு மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் மாற்றம் வேண்டும். இங்கே ஆர்வி0678 என்ற மரபணு எங்கே உடைந்தாலும் போதும். மருந்தை வெளியே இறைக்கும் ஒரு பம்புக்கு அது பிரேக். பிரேக் போனால் பம்பு ஓயாமல் ஓடும். குளோஃபசிமின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும்.

சாப்பாட்டோடு விழுங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து உடலில் சேரும். வெறும் வயிற்றில் போட்டால்தான் மருந்து பிடிக்கும் என்பது ரிஃபாம்பிசின் காலத்துப் பழக்கம். விரத நாளில் இந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவது பாதியைக் குப்பையில் போடுவதற்குச் சமம். ரிஃபாம்பிசினோடு சேர்த்துப் போட்டாலும் ரத்தத்தில் இதன் அளவு பாதியாகும். இதயத்துடிப்பின் மின் இடைவெளியைப் பெடாகுயிலின் நீட்டும், மாக்ஸிஃப்ளாக்சசினும் நீட்டும்; அதிகம் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே ஈசிஜியைத் தள்ளிப்போடக் கூடாது. பொட்டாசியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அமெரிக்காவில் பெடாகுயிலினுக்கு அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். காசநோய்க்குப் புது வகை மருந்து வர 40 ஆண்டு ஆனதற்கு அறிவியலைக் குறை சொல்ல முடியாது. நோயாளிகளிடம் காசு இல்லை, அவ்வளவுதான். காப்புரிமையை 2023 ஜூலைக்கு அப்பால் நீட்டும் முயற்சியை அதே ஆண்டு மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எதிர்த்து மனுப்போட்டவர்களில் ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். காசநோய்ச் சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்.

அடுத்து வரிசையில் நிற்பது டிபிஏஜே-876 என்ற புது மருந்து. அதே ராட்டினத்தைத்தான் குறிவைக்கிறது. கொழுப்பு நாட்டம் குறைவு, இதயத்தின் அயனி வாய்க்கால்களைத் தொடுவதும் குறைவு; பிரேக் உடைந்த கிருமிகளிடமும் பெடாகுயிலினைவிட நன்றாக வேலை செய்கிறது. மனிதர்களிடம் சோதனை நடக்கிறது.