ஓடிட்: கேட்பதா, எண்ணுவதா?

திருகோணமலையில் ஒரு வைத்தியசாலை விடுதி. காலை ரவுண்ட் நடக்கிறது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நேர்ஸ் தாளும் பேனையுமாக நிற்கிறா. யார் கழுவினார், யார் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார் என்று கோடு போடுகிறா. மூதூர் ஐயா ஒருவர் எழும்பி இருந்து கேட்கிறார்: "என்ன பிள்ளை, காசுக் கணக்கு பாக்கினமோ?"

"இல்லை ஐயா, ஓடிட். கை கழுவுற கணக்கு."

"அதுக்கும் கணக்கோ!"

ஐயாவில் பிழையில்லை. ஓடிட் என்றாலே நமக்குக் கந்தோரும் காசுப் புத்தகமும்தான். ஆனால் சொல்லின் வேரில் காசும் இல்லை, எண்ணும் இல்லை. இலத்தீனில் 'ஓடீரே' என்றால் காதால் கேட்டல். பழைய இங்கிலாந்தில் பண்ணைக் கணக்கை ஒருவர் உரக்க வாசிப்பார். பொறுப்பானவர் கேட்டுச் சரி பிழை சொல்வார். ஓடியோவும் ஓடிட்டோரியமும் அதே குடும்பம்.

வைத்தியசாலைக்குள் இதன் பொருள் கொஞ்சம் வேறு. சிகிச்சை எப்படி நடக்க வேண்டும் என்று முதலில் ஒரு அளவுகோல். உதாரணமாக, கை சுத்தம் செய்ய உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 தருணங்கள்: நோயாளியைத் தொட முன், தொட்ட பின், அவருடைய கட்டில், மேசையைத் தொட்ட பின் என்று போகும். நடப்பதை அந்த அளவுகோலோடு ஒப்பிட்டு, குறையைத் திருத்தி, பிறகு திரும்பவும் அளக்க வேண்டும். அந்த இரண்டாம் முறை இல்லாவிட்டால் அது ஓடிட் இல்லை, வெறும் எட்டிப் பார்த்தல். ஓடிட் ஆளைப் பிடிக்கிற விசாரணையும் இல்லை.

இதில் பிடிவாதக்காரர் பொஸ்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன். ஒவ்வொரு நோயாளியும் பிறகு எப்படி இருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றார். சக வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாக ஒரு சிறிய வைத்தியசாலை நடத்தி, 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 பிழைகளைத் தானே ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் இப்படி அச்சிட எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் 'தணிக்கை' என்பார்கள். அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். இங்கே அது சரிவராது. செய்தித் தணிக்கையோடு வளர்ந்த நம் காதுக்கு, 'மருத்துவத் தணிக்கை' என்றால் வைத்தியர் எதையோ மறைக்கிறார் என்றே கேட்கும். 'கண்காணிப்பு' பொலிஸ்காரச் சொல்.

நம்மிடம் ஏற்கெனவே 'கணக்காய்வு' இருக்கிறது. பத்திரிகையில் நாளும் வருகிற கணக்காய்வாளர் நாயகத்தின் சொல். சிங்களத்து 'விகணனய'வும் எண்ணுவதையே சொல்கிறது. காசு வாடை அடிக்கிறதே என்று முன்பு எனக்கும் ஒரு தயக்கம். பிறகு இரண்டு பாதியையும் பிரித்துப் பார்த்தேன். தையல்காரரிடம் சட்டையைப் போட்டுப் பார்த்து "கணக்கா இருக்கு" என்கிறோமே, அங்கே காசா வருகிறது? அளவுக்குப் பொருந்துவது வருகிறது. ஓடிட்டும் அதைத்தானே பார்க்கிறது? 'ஆய்தல்' இன்னும் அழகு. முற்றத்தில் சுளகை வைத்து முருங்கையிலை ஆயும்போது பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் கிள்ளி எறிகிறோம். கட்டோடு தூக்கி வீசுவதில்லை.

'மருத்துவக் கணக்காய்வு' என்றால் மருந்துக் களஞ்சியத்து இருப்பை எண்ணுவதாக நினைக்க இடமுண்டு. அதனால் நான் 'சிகிச்சைக் கணக்காய்வு' என்றே எழுதுகிறேன். பேச்சில் ஓடிட் ஓடிட்டாகவே இருக்கட்டும். விடுதிச் சுவரில் ஒட்டும் தாளில் மட்டும், 'கை கழுவுதல்: சிகிச்சைக் கணக்காய்வு, இரண்டாம் முறை' என்று எழுதினால் மூதூர் ஐயாவுக்கும் விளங்கும்.