காய்ந்த துணியில் ஏன் மூத்திர வாடை?

மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். காட்பாடி வீட்டு மொட்டைமாடிக் கொடியில், மே மாத வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணி டயப்பர்களை எடுத்து மடிப்பேன். மோந்து பார்த்தால் ஒரு வாடையும் இருக்காது. ஆனால் கட்டிவிட்டு, அவள் ஒரே ஒரு முறை ஒன்றுக்குப் போனதும் குப்பென்று நெடி கிளம்பும், கண்ணைக் கரிக்கும். "சோப்பு பத்தலடி, இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்" என்றார் அம்மா. கூடுதலாகப் போட்டேன். நெடியும் கூடியது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் புதுச் சிறுநீரில் அந்த நெடி கிடையாது. அதில் இருப்பது யூரியா. அதற்கு வாசனையே இல்லை. சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றிவிடும். கண்ணைக் கரித்தது அந்த அம்மோனியாதான். கட்டிய கொஞ்ச நேரத்திலேயே நெடி வருகிறது என்றால், பாக்டீரியாக்கள் குழந்தையிடமிருந்து புதிதாக வரவில்லை, துவைத்த துணிக்குள்ளேயே குடியிருக்கின்றன என்று அர்த்தம். சரி, தினமும் துவைக்கிற துணியில் அவை எப்படித் தங்குகின்றன?

விடை தண்ணீரில் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்து வீடுகளில் குடிக்கக் காவிரித் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். ஒரே அளவு இரண்டு பாட்டில்களில் ஒன்றில் காவிரித் தண்ணீரும் இன்னொன்றில் போர் தண்ணீரும் ஊற்றி, சோப்புக் கட்டியைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினேன். முதல் பாட்டிலில் கழுத்து வரை நுரை. இரண்டாவதில் நுரையே இல்லை. கலங்கிய நீர்மேல் தயிர்த் திப்பி போல வெள்ளையாக ஏதோ மிதந்தது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இந்தத் தாதுக்களின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாறைக்குள் ஊறி வரும் நம் நிலத்தடி நீரில் இயல்பாகவே இந்தத் தாதுக்கள் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிலின் உப்பும் அதோடு சேர்ந்தது. அந்த மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்ன பிறகும் பல ஊர்க் கிணறுகள் தெளியவில்லை.

அந்தப் பிசுக்கு போய் உட்காரும் இடம் பருத்தி இழை. பருத்தி என்பது செல்லுலோஸ். நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள அதில் ஏராளமான பிடிகள் உண்டு, இழைகளுக்கு இடையிலான நுண்ணிய சந்துகளும் நீரை உறிஞ்சி இழுக்கும். பிசுக்கு படிந்தால் சந்து அடைபடுகிறது. அதற்கடியில் பாக்டீரியாக்களுக்குப் பாதுகாப்பும் தீனியும் கிடைக்கின்றன. அதிகமாகப் போட்ட சோப்பெல்லாம் அதிகப் பிசுக்காகத்தான் போனது. துணியை மென்மையாக்கும் திரவமும் இழைமேல் பூச்சாகப் படிகிறது, குழந்தைத் துணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

நம் சலவைத் தொழிலாளர்களுக்கு இதற்கு மாற்று வெகுகாலமாகத் தெரியும். உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து அவிப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அது கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாக்கி ஒதுக்கிவிடும், எண்ணெய்ப் பசையையும் கரைக்கும். ஆவி கிருமியைக் கொல்லும். எனக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் யாரும் நடத்தியதில்லை.

அதையே வீட்டளவில் செய்தேன். பழைய பிசுக்கைப் போக்க முதலில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் ஊறவைத்தேன். அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிடும், ஆனால் கொழுப்பு துணியிலேயே நிற்கும். அதனால் அலசிவிட்டு, சலவைச் சோடாவும் டிடர்ஜென்ட் பவுடரும் போட்டு மறுபடி சூடாகத் துவைக்க வேண்டும். இந்த வேலையில் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவராதீர்கள். அது அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நச்சு வாயு. துவைத்துக் காய்ந்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முன்பு முத்தாக நின்று உருண்ட சொட்டு, இப்போது விழுந்த கணமே பரவி மறைந்தது.

அன்றாடத் துவையலில் முதல் அலசு பச்சைத் தண்ணீரில்தான். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் அதிலுள்ள புரதம் முட்டை வெள்ளைக்கரு போல வெந்து இழையில் இறுகிவிடும். அப்புறம் சோடாவை முதலில் கரைத்து, பிறகு சோப்புக் கட்டிக்குப் பதிலாக டிடர்ஜென்ட். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்கும் நீர் டிடர்ஜென்டில் உள்ள நொதிகளையும் செயலிழக்கச் செய்துவிடும். கொதிக்க வைப்பதென்றால், டயப்பருக்குள் வைக்கும் பருத்தி இன்செர்ட்டை மட்டும். வெளிக் கவரின் உட்புறம் நீர் கசியாமல் தடுக்கும் பாலியூரிதேன் படலம் ஒட்டியிருக்கிறது, அது சூட்டில் பிரிந்து ஒழுகத் தொடங்கும். கடைசி அலசுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணீரை எடுத்துக்கொள்வேன். மனசு உறுத்தத்தான் செய்யும், ஆனாலும் எடுப்பேன்.

ஏனென்றால் தொடையிடுக்கில் வரும் சிவப்பு இதோடு சேர்ந்தது. தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது. அம்மோனியாவோ, அலசாமல் விட்ட சோடாவோ அதைக் காரப் பக்கம் தள்ளும். அப்போது மலத்தில் உள்ள, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றுவதும், மலம் போனால் உடனே மாற்றுவதும், கொஞ்ச நேரம் கட்டாமல் காற்றாட விடுவதும் இதற்காகத்தான். சில நாளில் ஆறாமல் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மிச்சம் மஞ்சள் கறை. பால் குடிக்கும் குழந்தையின் மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவதில் பிலிருபினுக்குப் பெரும்பங்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை தருகிற அதே பொருள். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காட்டிக் கொண்டுவந்தபோது, துணி மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றதைக் கவனித்தார். சன்னல் ஓரம் வெயிலில் இருந்துவிட்ட ரத்தக் குப்பியிலும் பிலிருபின் குறைந்திருந்தது. காமாலைக் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கும் சிகிச்சை அங்கிருந்துதான் வந்தது. உடலுக்குள் ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி வெளியேற வைக்கிறது. துணியில் அதைச் சிதைத்து நிறமில்லாமல் ஆக்குகிறது.

வெயிலூர் என்று நம் ஊரைச் சொல்வார்கள். தேய்த்தும் போகாத கறையை ஈரத்தோடு, கறைப் பக்கம் மேலே இருக்கும்படி காலை ஒன்பது மணிக்குக் கொடியில் போடுவேன். பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கப் போகும்போது எந்தத் துணியில் கறை இருந்தது என்று தேட வேண்டியிருக்கும்.