மாநிலக் குறியீடு 34: எரிபொருள் மென்பொருளைத் திட்டமிடும்போது எல்லையை எங்கே வரைவது?

காரைக்காலில் ஒரு பெட்ரோல் பங்கின் கணக்கு அறையில், மேலாளர் இரண்டு தாள்களை என் முன்னால் அருகருகே வைத்தார். ஒன்று, டீசல் போட்ட லாரிக்கு இயந்திரம் அச்சிட்டுக் கொடுத்த சீட்டு. மற்றது, அந்த லாரியின் உரிமையாளருக்கு எங்கள் மென்பொருள் தயாரித்த கடன் பில். இரண்டிலும் லிட்டர் ஒன்றாகவே இருந்தது. தொகை மட்டும் ஒத்துப்போகவில்லை. "பாண்டி விலைய எதுக்கு சார் எங்க பில்லுல போடுறீங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பதில் இதுதான். மென்பொருளில் 'பகுதி' என்ற கட்டத்தில் ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று திட்டமிடும்போதே முடிவு செய்திருந்தோம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, புதுச்சேரிக்கு 34 என்று அது ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் அந்த 34 என்ற ஒற்றை எண்ணுக்குள் புதுச்சேரி, காரைக்கால், கேரளத்தால் சூழப்பட்ட மாஹே, ஆந்திரத்தால் சூழப்பட்ட ஏனாம் என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன என்பதும், பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக்கூட்டு வரி அவற்றில் ஒரே விகிதத்தில் இல்லை என்பதும் எங்கள் குழுவில் எவருக்கும் தோன்றவில்லை. வரியை விட்டுவிட்டாலும், எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கான டிப்போவிலிருந்து பங்குக்கு உள்ள தொலைவைப் பொறுத்துப் போக்குவரத்துச் செலவு மாறுவதால், ஒரே மாவட்டத்தின் இரண்டு பங்குகளில்கூடச் சில காசுகள் வேறுபடும். விலையைப் பங்கோடு இணைத்திருக்க வேண்டும். நாங்கள் மாநிலத்தோடு இணைத்திருந்தோம்.

இந்தத் துறைக்கு மென்பொருள் எழுதுபவர்கள் 'பகுதி' என்று ஒரே ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, எல்லா விதிகளையும் அதில் தொங்கவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. உண்மையில் ஒவ்வொரு விதிக்கும் தனித்தனி எல்லை இருக்கிறது. வெடிபொருள் பாதுகாப்பு உரிமம் பெட்ரோலிய விதிகள் 2002இன் கீழ் வருவதால் அதன் எல்லை நாடு முழுவதும். மதிப்புக்கூட்டு வரியின் எல்லை மாநிலம், சில இடங்களில் அதற்கும் உட்பட்ட பகுதி. சில்லறை விலையின் எல்லை அந்தந்தப் பங்கு.

பொருளுக்குப் பொருளும் எல்லை மாறுகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. ஆகவே ஒரே கல்லாவில் விற்கப்படும் டீசல் ஒரு சட்டத்தின் கீழும், அதற்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் எஞ்சின் ஆயில் 18 சதவீத ஜிஎஸ்டியின் கீழும் வருகின்றன. ஒரு லாரி உரிமையாளர் இரண்டையும் சேர்த்து வாங்கினால் பில் ஒன்றாக இருக்கலாம், கணக்கு ஒன்றாக இருக்க முடியாது.

வரியின் விகிதம் மாறும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வரியின் வடிவமே மாறும் என்று எதிர்பார்ப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 34 சதவீதம், டீசலுக்கு 25 சதவீதம் என்று இருந்த வரி, 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 15 சதவீதத்தோடு லிட்டருக்கு ரூ.13.02, டீசலுக்கு 11 சதவீதத்தோடு லிட்டருக்கு ரூ.9.62 என்று மாறியது. சதவீதத்துக்கு மட்டும் இடம் வைத்திருந்த மென்பொருளில் அந்த ரூபாயை எழுத இடமே இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் 13 சதவீதமும் ரூ.11.52உம் என்று குறைக்கப்பட்டது. முந்தைய மாற்றத்தின்போதே வடிவத்தைச் சரிசெய்திருந்தவர்களுக்கு அது இரண்டு எண்களைத் திருத்தும் வேலையாக முடிந்தது.

நேரமும் ஓர் எல்லைதான். முன்பு ஒவ்வொரு மாதமும் 1, 16 தேதிகளில் விலை திருத்தப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் காலை 6 மணிக்கு மாற்றும் முறை வந்தது. தேதியை மட்டும் வைத்து விலையைத் தேடும் நிரல், இரவு ஷிப்டில் அதிகாலை 5.50க்கு டீசல் போட்ட வண்டிக்கு இன்னும் நடைமுறைக்கு வராத விலையைக் காட்டும். விலைப் பதிவில் தேதியோடு மணியும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அளவைக் குறித்தும் ஒரு சொல். நம் நாட்டில் அடர்த்தியும் கன அளவும் 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி ஒப்பிடப்படுகின்றன; அமெரிக்காவில் அது 60 டிகிரி ஃபாரன்ஹீட், பிரேசிலில் 20 டிகிரி செல்சியஸ். இது வெறும் தாள் விவகாரம் அன்று. 12,000 லிட்டர் பெட்ரோல் ஏற்றிய டேங்கர் லாரியில் வெப்பம் 10 டிகிரி மாறினால், ஏறத்தாழ 140 முதல் 150 லிட்டர் வரை கூடவோ குறையவோ செய்யும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்று குறிப்பிடாத 'லிட்டர்' என்ற கட்டத்தை நம்பி இருப்புக் கணக்குப் போட்டால், தொட்டிக்குள் டிப் ராடு என்ற அளவுகோலை விட்டு இருப்பைப் பார்க்கும் பங்க் ஊழியர் மீது வீண் பழி விழும். அப்படி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம் மென்பொருளை வெளிநாட்டில் விற்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானியம் மாற்றப்பட்டபோது, தீபகற்பப் பகுதியில் விலை லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. சபா, சரவாக், லபுவானில் 2.15 ரிங்கிட்டாகவே நீடித்தது. அதுவாவது இடத்தைப் பொறுத்த விதி. இலங்கையில் 2022இல் வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறையிலோ, ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூஆர் குறியீடும் வாராந்திர ஒதுக்கீடும் இருந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்த ஒதுக்கீடு நீக்கப்படும் வரை, இவ்வளவுதான் விற்கலாம் என்ற வரம்பு பங்கில் இல்லை, வண்டியில் இருந்தது. விலைப்பட்டியலை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றத் தெரிந்த மென்பொருள் அங்கே ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

காரைக்கால் அனுபவத்துக்குப் பின், புதிய வேலை எதையும் தொடங்கும்போது நிரலாளர்களை அழைப்பதற்கு முன்பாக ஒரு தாளை நிரப்புகிறோம். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அதைப் பிறப்பித்தது யார், அது எந்தப் பொருளுக்கு, எந்த இடத்துக்கு அல்லது எந்த வாங்குபவருக்குப் பொருந்தும், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுத வேண்டும். எழுத முடியாமல் நிற்கும் இடத்தில் பங்க் மேலாளரையோ வரி ஆலோசகரையோ கேட்கிறோம்; ஊகித்து நிரப்ப அனுமதி இல்லை. விதிகள் நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனி அட்டவணையில் இருக்க வேண்டும், பழைய விதியை ஒருபோதும் அழித்து எழுதக் கூடாது என்ற இரண்டும் எங்களுக்குக் கட்டாயம். முடிவு தேதியை மட்டும் இட்டுவிட்டுப் புதிய வரிசையைச் சேர்ப்போம்.

ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன், காரைக்கால் மேலாளர் காட்டிய அந்தச் சீட்டின் விவரங்களை உள்ளிட்டு, பில்லை மறுபடியும் அச்சிட்டுப் பார்க்கிறோம். அன்றைய தேதியில், அந்த மணியில், அந்த ஊர் விலையில் தொகை காசு வரை ஒத்து வந்தால்தான் பதிப்பு எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகும்.