ஆக்சிலை மட்டும் மாத்தினா போதாது: பழைய கமாரோவோட பின்பக்க கதை

1967 மாடலா ஷெவர்லே கமாரோ வந்தப்போ அமெரிக்கால மசில் கார் போட்டி சூடு பிடிச்சிருந்துச்சு, பெரிய வி8 இன்ஜினை எல்லாம் முன்னாடி திணிச்சாங்க, ஆனா பின்னாடி குனிஞ்சு பாத்தா பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பல மாடல்ல வந்த ஆக்சில்ல, அதாவது பின் சக்கரங்களைத் திருப்பற பாகத்துல, கிரவுன் வீல்ங்கற பெரிய பல்சக்கரத்தோட விட்டம் 8.2 இன்ச் தான், பின்மூடில பத்து போல்ட் இருக்கறதால அதுக்கு டென் போல்ட்னே பேரு. இன்னிக்கு அந்த வண்டிய வாங்கி பவர் ஏத்துறவங்க எல்லாம் கடைசில இந்த ஆக்சில்ல தான் வந்து நிக்கறாங்க.

ஏன்னு கணக்கு போட்டே பாக்கலாம். இன்ஜின் 540 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, குடுக்குதுன்னு வைங்க, ஃபர்ஸ்ட் கியர் 2.52, ஆக்சில் ரேஷியோ 3.73. பெருக்கினா சக்கரத்துக்குப் போறது 5,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிடும். பழைய ஒல்லி டயர்ல இது பிரச்சனையே இல்ல, டயர் வழுக்கிடும், அதாவது வீட்டு ஃபியூஸ் மாதிரி அது முதல்ல விட்டுக்கொடுத்து மத்ததைக் காப்பாத்தும். அகலமான ஒட்டுற டயரை மாட்டினதும் அந்தக் காவல் போயிடுச்சு, இப்ப அடுத்து பலவீனமானது எதுவோ அது உடையும். சக்கரத்தைத் திருப்பற ஆக்சில் ஷாப்ட் உடையலாம், இல்ல கிரவுன் வீலைச் சுத்தற சின்ன பல்சக்கரமான பினியனோட பல்லு போகலாம்.

ஷாப்ட்டோட முறுக்கு பலம் அதோட விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏத்த மாதிரி ஏறும். டென் போல்ட்ல 28 ஸ்ப்ளைன், அதாவது ஷாப்ட் முனைல வெட்டின பல்லு, அதே பல் அளவுல 35 ஸ்ப்ளைன் ஷாப்ட் போட்டா விட்டம் கால் பங்கு தான் கூடுது, பலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதுக்குத் தான் நிறைய பேர் ஃபோர்டோட நைன் இன்ச் ஆக்சிலுக்குப் போறாங்க. 1957ல வந்த டிசைன், ஷெவர்லேக்குள்ள ஃபோர்டு பாகமான்னு முகம் சுளிக்கிறவங்க உண்டு, ஆனா உள்ள பாத்தா காரணம் புரியும். மத்த பெரும்பாலான ஆக்சில்கள்ல பினியனை ஒரு பக்கம் மட்டும் பேரிங் பிடிச்சிருக்கும், பல்லு இருக்கற முனை தொங்கிட்டு நிக்கும், லோடு ஏறினா கிரவுன் வீலை விட்டு விலகப் பாக்கும். நைன் இன்ச்ல அந்த முனைக்கும் தனியா ஒரு பேரிங் உண்டு. பினியன் ரொம்ப கீழ உக்காந்திருக்கறதால பல்லுக்குப் பல்லு தொடற இடமும் அதிகம், அதுக்கு விலையா உரசலும் சூடும் கொஞ்சம் கூடும். அந்த விலை குடுக்கலாம்ங்கறது என் கருத்து. இன்னொண்ணு, டென் போல்ட்ல ஷாப்ட்டை உள்ளுக்குள்ள ஒரு சின்ன சி கிளிப் தான் பிடிச்சிருக்கு, ஷாப்ட் உடைஞ்சா சக்கரத்தோட வெளிய வந்துடும். நைன் இன்ச்ல ஷாப்ட்டை சக்கரத்துப் பக்கமே பேரிங்கும் தகடும் பிடிச்சிருக்கும், அதனால அந்த பயம் இல்ல.

சரி, ஆக்சில் மாத்தியாச்சு, இனி தான் முக்கியமான விஷயம். சக்கரத்தை முன்னோக்கி திருப்பும்போது ஆக்சிலோட வெளிக்கூடான ஹவுசிங் எதிர்ப்பக்கம் திரும்பப் பாக்கும், பினியன் மூக்கு மேல தூக்கும். அதைத் தடுக்க கமாரோல இருக்கறது பட்டை ஸ்பிரிங் மட்டுமே, அது எஸ் மாதிரி வளைஞ்சு சக்தியை சேத்து வைக்கும், டயர் சட்டுனு பிடியை விட்டதும் படார்னு நேராகும், திரும்ப பிடிக்கும், திரும்ப வளையும். சீட்டுக்கு அடில யாரோ சம்மட்டியால அடிக்கற மாதிரி வண்டியே குலுங்கும், இதைத் தான் வீல் ஹாப்ங்கறாங்க, ஷாப்ட்டை உடைக்கிறதுல பாதி பங்கு இந்த அதிர்ச்சிக்குத் தான்னு நான் நினைக்கிறேன். 1968லயே ஷெவர்லே ஒரு பக்க ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னாடியும் மறுபக்கத்தை பின்னாடியும் வச்சு இதை அடக்கப் பாத்துச்சு, பவர் மாடல்களுக்கு பல பட்டை ஸ்பிரிங்கும் வந்துச்சு.

இதுக்கு முழுசான தீர்வு ஃபோர் லிங்க். ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும், ஆக்சிலைப் பிடிக்கிறது நாலு ராடு, மேல ரெண்டு கீழ ரெண்டு. பக்கத்துல இருந்து பாத்து மேல் ராடையும் கீழ் ராடையும் மனசுல முன்னாடி நீட்டினா ஒரு புள்ளில சந்திக்கும், சக்கரத்தோட தள்ளு விசை பாடிக்கு அந்த வழியா தான் போகும். 1,600 கிலோ வண்டி 0.8 ஜி-ல, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துல 80 சதவீத வேகமுடுக்கத்துல, கிளம்பினா, எடை மையம் தரைல இருந்து அரை மீட்டர் உயரம்னு வச்சா, பின்பக்கத்துக்கு சுமார் 230 கிலோ பாரம் மாறும். எந்த சஸ்பென்ஷன் போட்டாலும் இந்த எண் மாறாது, இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. மாறுறது அந்த பாரம் ஸ்பிரிங் வழியா மெதுவா வருதா, ராடு வழியா உடனே வருதாங்கறது தான். ராடோட சாய்வைக் கூட்டினா பின்பக்கம் உக்காராம டயர் சட்டுனு தரையை அழுத்தும், ரொம்ப கூட்டினா முதல் அடில பிடிச்சுட்டு அப்புறம் விட்டுடும், பிரேக் போடும்போது குதிக்கும். ராடுகள் எல்லாம் வண்டியோட நீளவாக்குல நேரா இருந்தா ஆக்சில் பக்கவாட்டுல நகராம இருக்க, ஆக்சிலையும் பாடியையும் குறுக்கால இணைக்கற பேன்ஹார்ட் ராடு ஒண்ணும் வேணும்.

ஹவுசிங்ல பிராக்கெட் வெல்டு வைக்கும்போது ஒரே மூச்சுல ஓட்டினா குழாய் சூட்டுல வளைஞ்சுடும், கொஞ்சம் கொஞ்சமா, பக்கம் மாத்தி மாத்தி வைக்கணும். கியர் செட் பண்றப்ப கிரவுன் வீல் பல்லுல மஞ்ச பேஸ்ட்டைத் தடவி கையால சுத்திப் பாப்பாங்க, பேஸ்ட் துடைபட்ட தடம் பல்லோட நடுவுல வரணும், ஓரத்துல வந்தா ஷிம்ங்கற மெல்லிய இடைத்தகட்டை மாத்தணும். பல்லுக்கிடை இடைவெளி பெரும்பாலும் 0.15ல இருந்து 0.25 மில்லிமீட்டர் வரை. நைன் இன்ச்சோட மூக்கு நீளம் வேறங்கறதால கியர்பாக்ஸ்ல இருந்து ஆக்சிலுக்கு வர்ற ஜாயின்ட் ஷாப்ட்டையும் அளந்து புதுசா செய்யணும். எல்லாம் மாட்டினதும் உடனே ரேஸ் விட்டுடாதீங்க, முதல்ல மெதுவா கொஞ்ச தூரம் ஓட்டி நல்லா ஆற விடுங்க, 800 கிலோமீட்டர்ல ஆக்சில் ஆயிலை மாத்துங்க, வடியற ஆயில்ல மினுமினுன்னு நைசா துகள் இருந்தா சரி, கைல நெருடுற துண்டு வந்தா திரும்ப பிரிச்சுத் தான் ஆகணும்.